கிளைக்கம்பி: மலைப்பாதை ஜீப்புக்கு வீட்டிலேயே செய்யும் லிம்ப் ரைசர்

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கத்து எஸ்டேட் பாதைகள் திடீரென்று ஒடுங்கிப்போகும். பாதையின் அகலம் அதேதான். தண்ணீர்ப் பாரத்தில் இரண்டு பக்கத்துச் செடிகளும் உள்ளே சாய்ந்திருக்கும். பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு காபித் தோட்டங்களில், இதே நிலைமை ஐப்பசி கார்த்திகையில் வரும். அப்போது ஜீப்பில் போனால் ஒரு கிளை முதலில் பானெட்டில் படும்; தள்ளத் தள்ள வில்லாக வளையும்; பானெட் முடிகிற இடத்தில் விடுபட்டு முன்கண்ணாடியில் படீரென்று அறையும். போகிற போக்கில் வைப்பரைத் தூக்கும், சைடு மிரரைத் திருப்பும், கடைசியில் மேலே கேரியரில் மாட்டி முறியும்.

இந்த அடியைக் குறைக்க, வண்டியின் முன்மூலை இரண்டிலிருந்தும் கூரையின் முன்மூலை இரண்டுக்கும் சாய்வாக இழுத்துக் கட்டுகிற கம்பிகளுக்குத்தான் லிம்ப் ரைசர் என்று பெயர். நம் வசதிக்குக் கிளைக்கம்பி என்று சொல்லிக்கொள்ளலாம். 1980களிலும் 90களிலும் நடந்த கேமல் டிராஃபி என்ற காட்டுப்பாதை வாகனப் போட்டியின் லேண்ட் ரோவர் படங்களைப் பார்த்திருந்தால் இந்தக் கம்பிகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் ஜீப்புகளின் முன்பம்பரில் செங்குத்தாக நிற்கும் இரும்புச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சாலைக்குக் குறுக்கே எதிரி கட்டிய கம்பியை அறுப்பதற்கு. கிளைக்கம்பி எதையும் அறுப்பதில்லை, தூக்கிவிடுவதோடு சரி.

தடுப்பு அல்ல, சரிவு

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கண்ணாடிக்கு முன்னால் ஒரு வேலி என்று நினைத்து, தடித்த கம்பியாக வாங்கி, வீணைத் தந்தி போல முறுக்கிவிடுகிறார்கள். வேலியின் வேலை எதிர்த்து நிற்பது. கிளைக்கம்பியின் வேலை, கிளைக்கு ஒரு சாய்வுப் பலகை போட்டுக் கொடுப்பது. லாரியில் பீப்பாய் ஏற்றச் சாய்வாகப் பலகை வைப்பார்களே, அதே கணக்கு. பலகை நீளமாகவும் படுத்தும் இருந்தால் பீப்பாய் உருண்டு ஏறும். செங்குத்தாக இருந்தால் முட்டிக்கொண்டு நிற்கும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகப் புரியும். முன்மூலையில் கம்பி தொடங்கும் உயரம் தரையிலிருந்து 110 செ.மீ., கூரையில் முடியும் உயரம் 185 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 75 செ.மீ. கம்பியை வண்டியின் முன்நுனியில் தொடங்கினால் கூரை விளிம்பு வரை கிடைமட்ட தூரம் ஏறத்தாழ 170 செ.மீ. கிடைக்கும், சாய்வு 24 டிகிரி. கிளை வழுக்கி ஏற இது போதும். அதே கம்பியை, பானெட்டின் பின்பக்கத்தில் வைப்பருக்குப் பக்கத்தில் வசதியாக ஒரு போல்ட் இருக்கிறதே என்று அங்கே கட்டினால் கிடைமட்ட தூரம் 50 செ.மீ. ஆகிவிடும். சாய்வு 56 டிகிரி. இப்போது கிளை ஏறாது, தள்ளப்படும். கம்பியில் தேங்கி, வளைந்து, பிறகு ஒரேயடியாக விடுபடும். கண்ணாடியில் அறைந்த கிளை இப்போது கூரையில் அறையும், அவ்வளவுதான் மிச்சம்.

ஆகவே முதல் விதி: எவ்வளவு முன்னால் தொடங்க முடியுமோ அவ்வளவு முன்னால். கம்பியின் தடிமனைவிட இது முக்கியம்.

முன்முனை

துளை போடுவதற்கு முன்னால், சாதாரண நைலான் கயிற்றை இரண்டு பக்கமும் கட்டிப் பாருங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து பாருங்கள். அரை மணி நேரம் இதற்குச் செலவழித்தால், போட்ட துளையை அடைக்க வேண்டிய வேலை மிச்சமாகும்.

பானெட் தகட்டில் கட்டவே கூடாது. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய தகடு. நல்ல கிளை ஒன்று இழுத்தால் நெளிந்துவிடும். போதாததற்கு ஒவ்வொரு முறை பானெட் திறக்கவும் கம்பியைக் கழற்ற வேண்டிவரும். பொருத்தமான இடங்கள் இரண்டு. ஒன்று, இரும்பு பம்பர் உள்ள பழைய ஜீப்பாக இருந்தால் பம்பரின் மூலை. பம்பர் தாழ்வாக இருக்குமே என்றால், தாழ்ந்தால் தாழட்டும். கம்பி இன்னும் நீளும், அதனால் தவறில்லை. ஆனால் கம்பி ஃபெண்டர் (முன்சக்கரத்தின் மேல் மூடும் பக்கத் தகடு) விளிம்பையோ ஹெட்லைட்டையோ உரசாமல் போக வேண்டும். இரண்டாவது, ஃபெண்டர் தகட்டை உள்ளே பிடித்திருக்கும் போல்ட் வரிசை. பானெட்டைத் திறந்தால் ஓரமாக வரிசையாகத் தெரியும். அவற்றில் முன்னால் இருப்பதைக் கழற்றி, 25×25×3 மி.மீ. எல் ஆங்கிளில் வெட்டிய சிறு துண்டை அடியில் வைத்து, அதே அளவில் சற்று நீளமான போல்ட் போட்டு முடுக்கினால் புதுத் துளையே தேவையில்லை. ஆங்கிளின் கூர்மூலைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள். மலைப்பாதையில் அந்த உயரத்தில் ஆட்களின் இடுப்பும் சிறுவர்களின் முகமும் வரும்.

பிளாஸ்டிக் பம்பர் வைத்த புது வண்டிகளில், பம்பரில் கட்டியதாக நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஒன்றையும் தாங்காது. ஃபெண்டர் போல்ட்தான் வழி. ஏர்பேக் உள்ள வண்டியில் முன்னால் இருக்கும் சென்சார்களையும் அவற்றின் ஒயரையும் தொடாமல் வேலை செய்யுங்கள்.

தகட்டில் துளைதான் வழி என்றால், தகட்டின் அடியில் 50×50 மி.மீ. அளவில் 3 மி.மீ. பட்டைத் துண்டு கட்டாயம். வெறும் வாஷர் போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துளை முட்டை வடிவமாகிவிடும். துளையின் விளிம்பில் பிரைமர் பூசிவிட்டுப் போல்ட் போடுங்கள். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மூடுபனியில் பூசாத விளிம்பு ஒரு மாதத்தில் பழுப்பேறும்.

மேல்முனை

கூரைத் தகடும் பானெட் மாதிரிதான், நம்பக் கூடாது. ஃபைபர் டாப் போட்ட வண்டிகளில் டாப்பில் துளை போட்டால் துளையைச் சுற்றி வெடிப்பு ஓடும். பொலேரோ, ஜிப்ஸி போன்றவற்றில் கூரையோரமாக மழைநீர் வழியும் வாய்க்கால் விளிம்பு இருக்கும். அதைப் பிடித்து நிற்கும் கேரியர் கால்களே நல்ல ஆதாரம். ஒரு எச்சரிக்கை. அந்தக் கால்கள் விளிம்பின் மேல் கவ்வித்தான் நிற்கின்றன. தொடர்ந்து முன்னுக்கு இழுத்தால் மெல்ல நகரும். முன்கால் எங்கே நிற்கிறது என்று பெயின்ட் மார்க்கர் கொண்டு ஒரு கோடு போட்டுவைத்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாருங்கள்.

துணிக்கூரைப் பழைய ஜீப்புகளில் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையில் கட்டத் தோன்றும். வேண்டாம். அந்தச் சட்டம் முன்னால் பானெட்மேல் மடங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதை நிமிர்த்திப் பிடித்திருப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய கொக்கிகள். கம்பி இழுக்கிற திசையும் மடங்குகிற திசையும் ஒன்றே. கண்ணாடிக்குப் பின்னால் ரோல் பார் (வண்டி உருண்டால் ஆட்களைக் காக்கும் வளைகுழாய்) இருந்தால் அதற்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் ஒரு குறுக்குக் குழாய் போட்ட பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

மேல்முனையைப் பற்றி யாரும் யோசிக்காத ஒன்று: கம்பி முடிந்த இடத்தில் கிளை எங்கே போகும்? கேரியரின் முன்குழாய் கம்பியைவிட உயரமாக இருந்தால், அழகாக ஏறி வந்த கிளை அங்கே போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும். எல்.இ.டி. பார் இருந்தால் அதுவும் அப்படியே. கம்பி முடியும் புள்ளிதான் வண்டியின் முன்பக்கத்து உச்சியாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் கேரியரின் முன்னால் ஒரு சாய்வுத் தகடு வைத்து, கம்பியின் சரிவு அங்கேயும் தொடரும்படி செய்யுங்கள். கேரியர் உள்ளே ஸ்டெப்னியும் டீசல் கேனும் நீட்டிக்கொண்டிருந்தால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவது கூடுதல் நல்லது.

சாமான்கள்

மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ ஒரு நல்ல ஹார்டுவேர் கடையில் எல்லாம் கிடைத்துவிடும். ஒரு துணிப்பையில் அடங்கும்.

வயர் ரோப் 3 மி.மீ., 5 மீட்டர். மேலே சொன்ன அளவில் ஒரு பக்கத்துக்கு 186 செ.மீ. நீளம் வரும்; இரு முனை மடிப்புக்கும் சேர்த்து 225 செ.மீ. வெட்டினால் இரண்டு பக்கத்துக்கு நாலரை மீட்டர், மீதி தவறுக்கு. கடையில் 7×7 என்று கேளுங்கள்: ஏழு புரி, ஒவ்வொரு புரியிலும் ஏழு இழை. 3 மி.மீ. 7×7 கம்பி சுமார் 500 கிலோவில்தான் அறும், நமக்கு அது தாராளம். 2 மி.மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். பைக் கிளட்ச் கேபிளின் உள்கம்பி வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்தால், அது பட்டையை அறுத்துக்கொண்டு கிளைக்குள் இறங்கும், கிளை வழுக்காது. இருட்டில் கண்ணுக்கும் தெரியாது. கட்டுக்கம்பியும் ஒற்றை இழை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியும் ஒரு முறை மடங்கினால் மடங்கிய இடத்திலேயே ஒடியும்.

பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நல்லதா என்று எல்லாரும் கேட்பார்கள். உறைக்கம்பி வழுக்கும், சத்தம் குறைவு, பெயின்டைக் கீறாது. ஆனால் நீலகிரி ஈரத்தில் உறைக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வராது. மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துரு தின்றிருக்கும். எங்கள் தீர்ப்பு: ஸ்டெயின்லெஸ் கம்பியை உறையில்லாமல் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஜி.ஐ., வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் எண்ணத்தோடு.

மற்றவை: எம்6 டர்ன்பக்கிள் (நடு உடலைத் திருகிக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் இணைப்பு) 2, கம்பியின் அளவுக்கு ஏற்ற வயர் ரோப் கிளாம்ப் 8, உதிரி 2, திம்பிள் 4, டி ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் டி வடிவ வளையம்) அல்லது திருகிப் பூட்டும் காராபைனர் (திறந்து மூடும் கொக்கி வளையம்) 2, ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) தேவையென்றால் எம்8இல் 4, நைலாக் நட் (அதிர்வில் அவிழாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தது), வாஷர், பைக் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் 2, 3 மி.மீ. நைலான் கயிறு 2 மீட்டர். ஸ்பிரிங்கும் நைலானும் எதற்கு என்பது பின்னால் வரும்.

டர்ன்பக்கிளில் ஒரு முனை கொக்கியாக இருப்பதை வாங்காதீர்கள். கிளை கம்பியை அழுத்திவிட்டு விடும்போது ஒரு நொடி தளர்வு வரும். அந்த நொடியில் கொக்கி கழன்றுவிடும். இரண்டு முனையும் மூடிய வளையமாகவோ, பின் போட்டுப் பூட்டுவதாகவோ இருக்க வேண்டும்.

கட்டும் முறை

வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் இன்சுலேஷன் டேப்பை நான்கு சுற்று இறுக்கிச் சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். டேப் இல்லாமல் வெட்டினால் புரிகள் பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகும். திம்பிளில் நுழையாது, விரலில் ஏறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இழை குத்திய காயம் சீழ் வைக்கும்.

கம்பி முனையைத் திம்பிளைச் சுற்றி மடித்து, 10 செ.மீ. வாலாக விடுங்கள். திம்பிள் என்பது கண்ணீர்த்துளி வடிவத்தில் பள்ளம் உள்ள தகடு. அது இல்லாவிட்டால் கம்பி ஷேக்கிளின் மேல் குறுகலாக மடங்கி அங்கேயே இழை இழையாக ஒடியும். இப்போது கிளாம்ப். இதில் இரண்டு பாகம்: ஒன்று யு வடிவ போல்ட், மற்றொன்று பள்ளம் வெட்டிய கட்டை. கட்டை எப்போதும் பாரம் இழுக்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். யு போல்ட்டின் வளைவு வெட்டிய வாலின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு போல்ட் பாரம் தாங்கும் கம்பியையே நசுக்கி, அதன் பலத்தைக் குறைத்துவிடும். ஊரில் கட்டியிருக்கும் கொடிக்கம்பியிலும் ஆன்டெனாக் கம்பியிலும் பாதி இப்படித் தலைகீழாகத்தான் இருக்கிறது, பார்த்து நகலெடுக்காதீர்கள்.

ஒரு முனைக்கு இரண்டு கிளாம்ப். முதலாவது திம்பிளின் கழுத்தை ஒட்டி, இரண்டாவது 25 மி.மீ. தள்ளி. இரண்டு நட்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். உறைக்கம்பிதான் என்றால் கிளாம்ப் உட்காரும் நீளத்துக்கு உறையைச் சீவிவிடுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் முடுக்கிய கிளாம்ப் முதல் கிளையிலேயே வழுக்கும். முதல் முறை பாரம் பட்ட பிறகு கம்பி சற்று மெலியும், அதனால் முதல் பயணம் முடிந்ததும் எல்லா நட்டையும் இன்னொரு முறை முடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கிளாம்ப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் அதிகம். வால் முனையில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு மூடுங்கள்.

டர்ன்பக்கிளைப் பாதி திறந்த நிலையில் வைத்துப் பொருத்தினால் பிறகு இறுக்கவும் தளர்த்தவும் இடம் இருக்கும். அதை முன்முனையில் வையுங்கள், கை எட்டும். இறுக்கம் சரியானதும் அதன் நடு உடலின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு இரு பக்க வளையத்தோடும் முறுக்கிக் கட்டுங்கள். கல்பாதை அதிர்வில் டர்ன்பக்கிள் தானாகவே அவிழும்.

எவ்வளவு இறுக்கம்?

நடுவில் இரண்டு விரலால் மிதமாக அழுத்தினால் 3 முதல் 4 செ.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்காதீர்கள். இதற்குக் கணக்கு இருக்கிறது.

186 செ.மீ. கம்பியின் நடுவில் ஒரு கிளை 30 கிலோ அழுத்தம் தருகிறது என்று கொள்வோம். கம்பி மிக இறுக்கமாக இருந்து 5 செ.மீ. மட்டுமே வளைந்தால், கம்பியின் இழுவிசை சுமார் 280 கிலோ. 30 கிலோ எங்கே, 280 எங்கே! கம்பி அதைத் தாங்கிவிடும். தாங்காதது ஃபெண்டர் போல்ட்டும் கேரியர் காலும். அதே கம்பிக்கு 15 செ.மீ. வளைய இடம் கொடுத்தால் இழுவிசை சுமார் 94 கிலோவுக்கு இறங்கிவிடும். கொடிக்கயிற்றில் ஈரப் போர்வையைப் போடும்போது, விறைப்பாகக் கட்டிய கயிறுதான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வாகக் கட்டியது வராது. காரணம் ஒன்றே.

5 செ.மீ. வளைவுக்கும் 15 செ.மீ. வளைவுக்கும் கம்பி நீளத்தில் உள்ள வித்தியாசம் வெறும் 2 செ.மீட்டரை ஒட்டித்தான். அந்த 2 செ.மீட்டரைக் கொடுப்பதற்குத்தான் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். டர்ன்பக்கிளுக்கும் முன்முனை ஷேக்கிளுக்கும் நடுவே ஸ்பிரிங்கை மாட்டுங்கள். அதோடு, ஸ்பிரிங்கின் இரு முனையையும் இணைத்து ஒரு துண்டு வயர் ரோப்பை 3 செ.மீ. தொய்வோடு பக்கவாட்டில் கட்டுங்கள். சாதாரணமாக ஸ்பிரிங் கம்பியை நேராக வைத்திருக்கும். கிளை அழுத்தினால் நீளும். 3 செ.மீ. நீண்டதும் பக்கத்துத் துண்டு பாரத்தை ஏற்றுக்கொள்ளும், ஸ்பிரிங் நெளியாது. கட்டி முடித்ததும் கம்பியின் நடுவைக் கையால் நன்றாக அழுத்தி, அந்த வளைவிலும் அது கண்ணாடி ஓரத்தையோ வைப்பரையோ தொடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நைலான் கயிறு இன்னொரு வேலைக்கு. மீறிப் போனால் எது அற வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். வண்டியிடம் விடக் கூடாது. மேல்முனையில், கம்பியின் திம்பிளையும் கேரியர் போல்ட்டையும் 3 மி.மீ. நைலான் கயிற்றின் ஒரே சுற்றால் இணையுங்கள். வயர் ரோப்பைவிட அது பலம் குறைந்தது. போல்ட் பிடுங்கப்படுவதற்கு முன்னால் அது அறுந்துவிடும். ஏன் மேல்முனை? இழுபட்டிருக்கும் கம்பி, அறுந்த முனையிலிருந்து அறாத முனையை நோக்கித் துள்ளும். மேலே அறுந்தால் பானெட் பக்கம் போகும், முன்னால் அறுந்தால் கண்ணாடியை நோக்கி வரும். மேலே அறுவதிலும் ஒரு சங்கடம் உண்டு: கம்பி கீழே தொங்கி முன்சக்கரத்தில் சுற்றக்கூடும். அதனால் டப் என்ற சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். நைலான் வெயிலில் இற்றுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிது கட்டுங்கள், காசு பெறாத சமாச்சாரம்.

விசில்

வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் கம்பி விசிலடிக்க ஆரம்பிக்கும். கம்பி தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்குவார்கள், பலன் இருக்காது. மெல்லிய உருளையைக் கடக்கும் காற்று மேலும் கீழுமாக மாறிமாறிச் சுழித்துப் பிரிவதுதான் அந்தச் சத்தம், 3 மி.மீ. கம்பிக்கு 60 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 1,100 சுழிப்புகள். இறுக்கத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. மெல்லிய நைலான் நூலை, சுருள்வளையம் போல இடைவெளி விட்டுக் கம்பி நெடுகச் சுற்றிவிட்டால் சுழிப்பு ஒழுங்கு குலைந்து சத்தம் அடங்கும். சுற்று அடர்த்தியாக இருக்கக் கூடாது, கிளை வழுக்க வேண்டும் அல்லவா. கழற்றி வைத்துவிட்டால் இந்தக் கவலையும் இல்லை.

எந்தக் கிளைக்கு உதவும், எதற்கு உதவாது

உண்ணிச்செடிக்கு இது மிகப் பொருத்தம். மசினகுடிப் பக்கத்து வறண்ட சரிவுகளிலும் பழனி மலையின் அடிவாரத்திலும் பாதையை மூடுவது பெரும்பாலும் அதுதான். தண்டு மெல்லியது, கொக்கி முள் உண்டு, பின்னிக்கிடக்கும். கம்பி அதை மேலே வாரிவிடும். சீகை மரம் மழைக்குப் பிறகு நீர் சுமந்து தொங்கும். சிறு கிளைகள் சுலபமாக ஏறும், ஏறும்போது ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் கொட்டும். சில்வர் ஓக் கிளை வளைவதைவிட முறிவதே அதிகம். முறிந்தது கேரியரில் விழும். கற்பூர மரத்தின் தொங்கும் பட்டைகள் கம்பியில் சுற்றிக்கொள்ளும், அவ்வப்போது இறங்கி உருவிவிட வேண்டும்.

முள்மூங்கில் வேறு கதை. வளைந்து நிற்கும் மூங்கில் நாண் ஏற்றிய வில் மாதிரி. கம்பியால் தூக்கிவிடும் பொருள் அல்ல. கம்பி அதை இன்னும் வளைக்கும், வளைத்ததை அது திருப்பிக் கொடுக்கும். நிறுத்தி, வெட்ட அனுமதி இருந்தால் வெட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்புங்கள். கட்டைவிரலைவிடப் பருமனான எந்தக் கிளைக்கும் இதே முடிவுதான்.

நடுவில் நேராகத் தொங்கும் கிளையையும் கம்பி கவனிக்காது. இரண்டு கம்பிகளுக்கும் இடையே அது உள்ளே வந்து கண்ணாடியில் படும். மூன்றாவது கம்பியை நடுவில் கட்டலாமா என்றால், பானெட்டையும் திறக்க முடியாது, பார்வையையும் மறைக்கும். வேண்டாம்.

காபித் தோட்டத்துக்குள் போகிறவர்களுக்கு ஒரு சொல். பாதையோரக் காபிக் கிளைகளைக் கம்பி வருடிக்கொண்டு போகும்போது பழங்களையும் உருவிவிடும். பழுக்கிற பருவத்தில் தோட்டக்காரர் இதைப் பார்த்தால் அடுத்த முறை கேட் திறக்காது. அங்கே கம்பியைக் கழற்றிவிட்டு, ஓர் ஆளை முன்னால் நடக்கவிட்டுக் கிளைகளைக் கையால் விலக்கிப் போவதுதான் முறை. நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நட்டிருக்கும் முள்முருங்கையின் கிளை கம்பியில் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் சுழன்று கதவுக் கண்ணாடிக்கு வரும். இது எல்லாக் கிளைக்கும் பொது: கூரையேறிய கிளை பக்கத்தில்தான் இறங்கும். ஆகவே கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், மிரரை மடக்குங்கள், நடக்கிற வேகத்தில் போங்கள். வேகமாகப் போனால் எந்தச் சரிவும் வேலியாகிவிடும். கிளையில் குளவிக்கூடு தெரிந்தால் எந்தக் கம்பியும் உங்களைக் காப்பாற்றாது.

தார்ச்சாலையில்

தோட்டப்பாதை முடிந்து தார்ச்சாலை ஏறும் இடத்தில் கம்பியைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். முன்முனையில் காராபைனர் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. கல்லட்டி கொண்டை ஊசியிலோ வத்தலக்குண்டு மலைப்பாதையிலோ ஒரு பைக்காரர் உங்களை உரசினாற்போல் வளையும்போது, தோள் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத எஃகுக் கம்பி ஒன்று இருக்கக் கூடாது. கட்டியிருக்கும் நேரத்திலும் நடுவில் சிவப்புத் துணியோ ஒளிரும் டேப்போ சுற்றி வையுங்கள். முதலில் அதில் முட்டிக்கொள்பவர் பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரர்தான்.

சட்டமும் இதே பக்கம்தான். வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. முன்பக்கம் பொருத்தும் புல் பார்கள் அந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதனால் கிளைக்கம்பி கட்ட இடம் வேண்டும் என்று புல் பார் போடக் கிளம்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள்ளும் முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் வண்டி நுழைவதே குற்றம். இங்கே சொன்னது எல்லாம் சொந்தத் தோட்டத்துக்கும், உரியவர் அனுமதித்த தனியார் பாதைக்கும்தான்.

பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். துணி எங்கே நூல் மாட்டி நிற்கிறதோ அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. கையால் தடவிப் பார்க்க வேண்டாம், இழை ஊசி போல் இறங்கும். கிளாம்ப்பை ஒட்டி ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும், அல்லது நடுவில் எங்காவது மூன்று இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள். ஒரு முறை முடிச்சாக மடங்கி நெளிந்த கம்பியை நிமிர்த்தி மறுபடி கட்டாதீர்கள். நெளிவு போன மாதிரி தெரியும், பலம் திரும்பி வராது. ஜி.ஐ. கம்பியாக இருந்தால் மழைக்காலம் முழுவதும் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வையுங்கள். துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒரு முறை ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் செம்மண் புழுதி ஒட்டி அரம் போல அரைக்கும்.